ஜோதி அண்ணி தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முக்கியமான சம்பவம் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்ததாம். ஆகவே இனி வரப்போகும் எதையும் நேரில் பார்த்தவள் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது எனக்காகத் தோன்றிய கதையும் இல்லை. போன வாரம் ஜோதி அண்ணி காந்தி மார்க்கெட்டில் பஸ் ஏறி, வெயிலோடு வெயிலாக ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். என் அண்ணன் ராசப்பனின் மனைவி. வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்:

"நீ எழுதுறவதானே. அதை எழுது. பாத்தேன்னு எழுது."

'அது' எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் தூங்கிட்டேனே அண்ணி."

"தெரியும். அதனால என்ன? பாக்காததையெல்லாம் எவ்வளவு எழுதியிருக்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைத்தார்.

விஷயம் இதுதான். துபாய்க்குச் சுற்றுலா போன இடத்தில், தண்ணீரில் நடத்தும் வித்தைக் காட்சி ஒன்றுக்குப் போனோம். நடுவில் அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணி போய்த் தண்ணீரில் நின்றார். ஊரில் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் கூடப் போன நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவராவது வேண்டும் அண்ணிக்கு. அதுவும் நம் ஆட்களில் ஒருவர்.

2

தொடக்கங்கள்.

(அ) 'பாலைவனத்தின் நடுவே, நீரையே மேடையாகக் கொண்ட அதிசய அரங்கம்' – இது டிராவல்ஸ் நோட்டீஸ். வேண்டாம்.

(ஆ) 'விளக்குகள் அணைந்தன. இசை எழுந்தது. கருநீல நீர்ப்பரப்பிலிருந்து மெதுவாக' – மெதுவாக என்ன? இந்த இடத்தில்தான் எனக்குக் கண் சொருகியது. மேலே தெரியாது.

(இ) 'எல்லோரும் களைத்திருந்தார்கள்.'

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

எல்லோரும் களைத்திருந்தார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் அப்துல் ஹலீம், திருச்சிக்காரர். வருஷம் முழுவதும் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதே அவர் தொழில். சமையல்காரரையும் கூடவே அழைத்து வந்திருந்தார், அதனால் வேளைக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் தவறவில்லை. தவறியது தூக்கம்தான். விடிவதற்குள் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, உயரமான கட்டடத்தைக் காட்டி, மணலில் ஜீப்பில் உருட்டி, நகைக்கடைத் தெருவில் நடக்கவிட்டு, "அக்கா வாங்க, அம்மா வாங்க, லேட்டாகுது" என்று துரத்திக்கொண்டே இருந்தார். காசு கொடுத்து இப்படிக் கஷ்டப்படுவதற்குப் பெயர் ஓய்வு என்று யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அந்த அரங்கம். உள்ளே ஏசி. சாய்ந்தால் சாயும் மெத்தை நாற்காலி. வயிற்றில் தயிர் சாதம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அண்ணனுக்கு வாழை மண்டி. வருஷக்கணக்காக இருட்டோடு எழுந்து மார்க்கெட் போகிறவர், முதுகு சாய்ந்தால் தூங்கிவிடுவார். அவருக்கு அந்தப் பக்கம், எங்கள் குழுவில் வந்த மணப்பாறை அழகம்மாள்.* இந்தப் பக்கம் நான். வரிசையின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, அண்ணி.

* அழகம்மாள் சுற்றுலாவுக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுவந்திருந்தார். அரங்கில் தின்பண்டம் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வருத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் தூங்கிப்போனவர் அவர்தான். சாட்சிக்கு உதவ மாட்டார்.

3

அண்ணி ஏன் தூங்கவில்லை என்று வாசகர் கேட்கலாம். அதே தயிர் சாதம்தானே அவரும் சாப்பிட்டார்?

அப்பா படுக்கையில் விழுந்து பல வருஷம் கிடந்தார். என் அப்பா. பார்த்துக்கொண்டவர் அண்ணி. ராத்திரியில் அப்பா இருமினால் எழுந்திருப்பார். இருமாவிட்டாலும், ஏன் இருமவில்லை என்று எழுந்திருப்பார். கல்யாண வீடோ, சினிமாவோ, ஓர நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்காருவார். கூப்பிட்டால் உடனே எழுந்துபோக வேண்டும் அல்லவா? அப்பா போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. இன்னும் அண்ணிக்கு ஓர நாற்காலிதான் வேண்டும். இன்னும் தூக்கம் வருவதில்லை.

(இந்தப் பத்தியை எழுதும்போது கை தயங்குகிறது. அண்ணியைத் தியாகியாக்கி மாலை போட்டுவிடுவேனோ என்று பயம். அண்ணி அப்படியெல்லாம் இல்லை. கோபம் வந்தால் பாத்திரத்தை ணங்கென்று வைப்பார். அப்பாவையே ஒருநாள், "நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க விடுறீங்களா" என்று கேட்டிருக்கிறார். அதையும் எழுதிவிட்டேன். சரி.)

ஆக, அந்த வரிசையில் விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

4

சம்பவம். அண்ணி சொன்னதை வைத்து நான் எழுதிய முதல் பிரதி:

'கோமாளி நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு அண்ணி படியிறங்கினார். உச்சியிலிருந்து ஒரு வெள்ளிக் கயிறு இறங்கி வந்தது. அடுத்த கணம் அண்ணி காற்றில் எழுந்தார். புடவைத் தலைப்பு இறக்கையாக விரிய'

இந்த வாரம் மறுபடி வந்தபோது படித்துக் காட்டினேன். சமையலறையில் என் அவரைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டவர், அருவாமனையில் கையை நிறுத்தினார்.

"யாரு பறக்குறது?"

"நீங்கதான்."

"நான் எங்க பறந்தேன்? நின்னேன்."

"தெரியும் அண்ணி. கதைக்குக் கொஞ்சம்…"

"நின்னேன்னு சொன்னாலே உங்க அண்ணன் நம்பல. பறந்தேன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

பறப்பதை அடித்துவிட்டேன். அண்ணி சொன்னபடியே வைக்கிறேன்:

"மூக்குல சிவப்பா ஒண்ணு மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான். கையை நீட்டுனான். நான் ஓரத்துல இருந்தேனா, கூப்பிட்டா எந்திரிச்சுத்தானே பழக்கம், எந்திரிச்சுட்டேன். கீழ கூட்டிட்டுப் போனான். பாத்தா எல்லாம் தண்ணி. அதுக்குள்ள கீழேருந்து தரை மேல வருது. கால் வச்சேன், கொலுசு நனையிற அளவுக்குத்தான் தண்ணி. நடுவுல கொண்டுபோய் நிறுத்தி ஒரு குடையைக் கையில குடுத்துட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். சுத்தி மழை கொட்டுது. எம்மேல ஒரு சொட்டு இல்ல. உசரத்துலேருந்து பிள்ளைங்க குதிக்குதுங்க, எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"என்ன செய்யச் சொன்னாங்க?"

"அதான் சொல்றேன்ல. ஒண்ணுமே செய்யச் சொல்லல. அத்தனை சனம் என்னையப் பாக்குது, எனக்கு ஒரு வேலையும் இல்ல. நிக்கிறேன்."

நறுக்கிய அவரைக்காயைக் கையால் ஒதுக்கிக்கொண்டே, "ஒரு வேலையும் இல்ல" என்று மறுபடி சொன்னார். அவ்வளவு நேரம் சலிப்பாக இருந்த முகம் கொஞ்சம் வேறு மாதிரி ஆனது. என்ன மாதிரி என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் சினிமாவாக இருந்தது. விட்டுவிட்டேன்.

5

இனி எதிர்த்தரப்பு.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, வரகனேரியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். துபாய் எப்படி என்று யாரோ கேட்க, அண்ணி தொடங்கினார். கொலுசு நனைந்த இடம் வரைக்கும்கூடப் போகவில்லை, அண்ணன் சிரித்துவிட்டார்.

"அங்க உக்காந்தா எல்லாருக்கும்தான் தண்ணி தெறிக்கும். உடனே ஸ்டேஜுக்குப் போயிட்டாளாம். ஏன்டி, நீ போயிருந்தா அதே வரிசையில இருந்த எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று அதே மூச்சில் சொன்னார். அண்ணியும் சிரித்துவிட்டு அப்பளம் எடுக்க உள்ளே போனார். போன வாரம் என்னிடம் வரும்வரை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அதுதான் என்னை யோசிக்கவைத்தது. பொய் சொன்னவராக இருந்தால் இன்னொரு தடவை, இன்னும் ஜோடித்துச் சொல்லியிருப்பார்.

ஹலீமுக்குப் போன் செய்தேன்.

"ஆளைக் கூப்புடுறது உண்டுக்கா. ஆனா அன்னிக்குக் கூப்புட்டாங்களான்னா, அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது. அந்த ஷோவை எத்தனை தடவைதான் பாக்குறது? உங்களையெல்லாம் உள்ள விட்டுட்டு வெளிய டீ குடிச்சுட்டு இருந்தேன். வெளிய வரும்போது தலை எண்ணுனேன், சரியா இருந்துச்சு."

படம் எடுக்கக்கூடாது என்று செல்போன்களையும் அணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆக, ஒன்றும் இல்லை.

6

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. மறைப்பானேன்.

அண்ணியும் தூங்கியிருந்தால்? அந்த ஏசியில், அந்த மெத்தையில், இத்தனை வருஷம் தேங்கிய தூக்கம் ஒரேயடியாக வந்து, குடையும் மழையும் கனவில் வந்திருந்தால்? அப்படி இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அண்ணி தூங்கினார் என்றால் அதுவே பெரிய விஷயம். கதைக்கும் அழகான திருப்பம். எழுதத் தொடங்கினேன்: 'உண்மையில் அன்று அந்த வரிசையில் எல்லோரும்'

"கனவுன்னு மட்டும் எழுதிடாத" என்றார் அண்ணி. நான் எழுதியதைப் படிக்கவில்லை. என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். அவரைக்காய் முடிந்து, அடுத்து என்ன வேலை என்று பார்த்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்திருந்தேன். அங்கேயும் ஓர நாற்காலிதான்.

"இல்ல அண்ணி."

"அங்க நின்னுகிட்டு உங்களத்தான் தேடுனேன். எல்லாம் இருட்டு. எந்தப் பக்கத்துலேருந்து வந்தேன்னே தெரியல. அப்புறம் லைட் ஒண்ணு நீலமா அந்தப் பக்கம் திரும்புச்சு. உங்க அண்ணன் அந்த மணப்பாறை அம்மா தோள்ல சாஞ்சு கிடக்காரு. நீ வாயப் பொளந்துகிட்டு இருக்க."

"எங்கள எழுப்பியிருக்கலாம்ல? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"போடலாமான்னுதான் நினைச்சேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் அவ்ளோ அசந்து தூங்குனீங்க. பாவமா இருந்துச்சு. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டார்.

கனவாக இருந்தால் அதில் நாங்கள் விழித்திருந்து கைதட்டியிருப்போம். இட்டுக்கட்டியதாக இருந்தாலும் அப்படித்தான். எவ்வளவோ பொய் எழுதிப் பிழைக்கிறவள் நான். இப்படி ஒரு பொய் எனக்கு எழுத வராது. அப்பா இருமிய ராத்திரிகளில் பக்கத்து அறையில் நாங்கள் தூங்கியதுகூட இவர் இப்படி விட்டதால்தான்.

நம்பிவிட்டேன். ஆனால் நம்புவது வேறு, பார்ப்பது வேறு. அண்ணி கேட்டது இரண்டாவதை.

7

முடிவுகள்.

ஒன்று: விதிமுறையை மீறி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்த வீடியோ அண்ணனின் செல்போனுக்கு வந்து சேர்கிறது. அண்ணன், "அட, ஆமா" என்கிறார். (வசதியான முடிவு. ஆனால் அண்ணன் நம்பியது போனைத்தான், அண்ணியை இல்லை.)

இரண்டு: எந்த ஆதாரமும் இல்லாமல், ஒருநாள் மண்டியிலிருந்து வந்த அண்ணன், "நீ நின்னது எப்படி இருந்துச்சு, சொல்லு" என்று கேட்கிறார். (இந்த மனிதரோடு வளர்ந்தவள் நான். எழுதி எழுதிப் பார்த்தேன், அவர் வாயில் அந்த வசனம் வரமாட்டேன் என்கிறது.)

மூன்று: அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் நான் சொல்கிறேன்: "நான் பாத்தேன்." அண்ணன் வாயடைத்துப் போகிறார். பரிமாறிக்கொண்டிருக்கும் அண்ணி நிமிர்ந்து என்னை

இல்லை. அவர்தான் என் திறந்த வாயைப் பார்த்தவராயிற்றே. நான் பொய் சொல்வது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத் தெரியும். நன்றி என்றுகூட நினைப்பார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. எனக்கும் களைப்பாக இருக்கிறது. இந்த நாற்காலியும் சாய்கிறது.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். கோமாளி கை நீட்டியபோது இருந்தீர்கள். தண்ணீர் கொலுசு வரை வந்ததும், சுற்றிலும் மழை கொட்டியதும், அண்ணி ஒரு வேலையும் இல்லாமல் குடை பிடித்து நின்றதும், கூப்பிட வாய் எடுத்துவிட்டுக் கூப்பிடாமல் விட்டதும் உங்களுக்குத் தெரியும். இதுவரை நீங்கள் தூங்கவில்லை. அந்த வரிசையில் எங்களால் முடியாத காரியம் அது.

வரகனேரியில் வாழை மண்டி ராசப்பன் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள், அண்ணன் வீட்டில் இருப்பார். வந்தவர் யார் என்றுகூடக் கேட்காமல் அண்ணி காபி போட எழுந்திருப்பார். அவரை உட்காரச் சொல்லுங்கள். அண்ணனுக்கு நன்றாகக் கேட்கும்படி, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.