தட்டின் ஓரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் தன் சொந்த வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். அறுநூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அவர்தான் தலைமைச் சமையல்காரர். அங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இங்கே மூன்று அலமாரிகளைத் திறந்து பார்த்தாகிவிட்டது. வீட்டில் சமைப்பது மனைவியின் ராஜ்ஜியம். அவள் சமைக்க, இவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்று வாய்தவறிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் முப்பது வருஷ வழக்கம். மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போனவள், போய் எட்டு மாதமாகிறது. மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு.

அலுவலகத்தில் மாஸ்டர் சாப்பாட்டுக்குப் பெரிய பெயர். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறோ ரொட்டியோ, மீதிக் கால் பங்கில் பருப்பு, மீன், முட்டை என்று ஏதாவது ஒன்று. இது எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டியிருக்கிற படம்தான். அவருடைய சாமர்த்தியம் வேறு. சப்பென்று எதையாவது வைத்து உடம்புக்கு நல்லது என்று உபதேசம் செய்தால், மனுஷன் அதை முழுங்கிவிட்டு நாலு மணிக்கு எண்ணெயில் பொரித்ததைத் தேடிப் போவான் என்பது அவர் கட்சி. அதனால் பூசணியை வேகவைக்காமல் ஓரம் லேசாகக் கருகும்வரை சுடுவார். பீன்ஸைக் கடித்தால் சத்தம் வர வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் நாக்கு ஆசையாகக் காத்திருக்க, புளிப்போ இனிப்போ ஒரு வாய் இருந்தே தீரும். சர்க்கரை குறைந்துவிட்டது, எடை குறைந்துவிட்டது என்று ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்.

அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. காலையிலிருந்து இரண்டு மணிவரை ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி நுனி. நின்றபடியே நாற்பது ஐம்பது முறை ருசி பார்த்தால் பசி செத்துவிடும். ஆனால் வயிறு நிறையாது. மாலையில் வீட்டுக்கு வந்து டீயில் ஒரு பன்னை நனைத்துத் தின்றுவிட்டுச் சாய்ந்துவிடுவார். ஊருக்கெல்லாம் சத்தான சாப்பாடு, மாஸ்டருக்கு மட்டும் பன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது.

மனைவி தினமும் போனில் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். அவள் போன மூன்றாம் நாள், பன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அன்றைக்கு அலுவலகத்தில் போட்டதை அப்படியே ஒப்பித்தார். மறுநாளும் அப்படித்தான். பிறகு அதுவே பழகிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு நிம்மதி. அவள் நிம்மதியாக இருக்க இருக்க அங்கே தங்குவது நீண்டுகொண்டே போனது. தன் வாயாலேயே தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், அவள் குரல் கேட்டதும் வாய் தானாகப் பூசணி, பீன்ஸ் என்று ஆரம்பித்துவிடும்.

நேற்று அவள் சுற்றி வளைக்காமல் பேசினாள். மகள் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறாள் என்றாள்.

"நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்கன்னா இருக்கேன். இல்லன்னா டிக்கெட் போடச் சொல்றேன். நாளைக்கு லீவுதானே, மத்தியானம் என்ன சாப்பிடறீங்கன்னு வீடியோவுல காட்டுங்க."

பன்னைக் காட்டிவிடுவது என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்தார். ஒரு பன், ஒரு டம்ளர் டீ. வேறொன்றும் சொல்லவே வேண்டாம், அவள் கிளம்பிவிடுவாள். ஆனால் மகள் பாவம், கையில் குழந்தையோடு திண்டாடுவாள். அதைவிடப் பெரிய தடங்கல் அவருடைய கைதான். ஒருவர் பார்க்கப்போகிற தட்டில் அரைகுறையாக எதையும் வைக்க அந்தக் கைக்குத் தெரியாது. கடைக்குப் போய்ப் பூசணி வாங்கினார், மீன் வாங்கினார். உப்பு கடைசியில் காபித்தூள் என்று எழுதியிருந்த டப்பாவில் அகப்பட்டது. ஒருவருக்கு மட்டும் அளவு எடுக்க வராமல் இரண்டு முறை பாத்திரத்தை மாற்றினார்.

ஒரு மணிக்கு அவள் அழைத்தபோது தட்டு மேசையில் தயாராக இருந்தது. சுட்ட பூசணி, பச்சை மாறாத பீன்ஸ், ஒரு கை சோறு, தோல் மொறுமொறுப்பாக வறுபட்ட மீன், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துத் தட்டைச் சரித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. போச்சு, இன்னும் ஒரு வருஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"தட்டு ஓரத்தைத் துணியால தொடச்சிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அடுப்படியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு தட்டின் ஓரத்தையும் ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்து அனுப்புவது அவர் பழக்கம். இதையும் துடைத்திருக்கிறார், துடைத்த ஞாபகமே இல்லை. ஒரு பருக்கை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் விளிம்பு பளிச்சென்று இருந்தது.

"தனக்குன்னு போட்டுக்கறவங்க யாருங்க ஓரத்தத் தொடப்பாங்க? இது எனக்குக் காட்ட வச்ச தட்டு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். "இத்தன மாசமா என்னதான் சாப்பிட்டீங்க?"

அவர் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"ருசி பாத்தேன்," என்றார். பிறகு, "உக்காந்து சாப்பிடல. தனியா உக்காந்தா உள்ள எறங்க மாட்டேங்குது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முதலில் சாப்பிடுங்கள், நான் பார்க்கிறேன் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தார். இரண்டாவது வாய்க்குள் அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். மனைவி திரும்பிப் பார்த்தாள், மறுபடி இவரைப் பார்த்தாள். வைத்துவிடாதீர்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று போனை எங்கேயோ படுக்க வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திரையில் இப்போது அந்த வீட்டு அறையின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மகளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். டிக்கெட் பற்றியா என்று காது கொடுத்துக் கேட்டார், பிடிபடவில்லை. மாஸ்டர் மீனை இன்னும் சின்னதாகப் பிய்த்துக்கொண்டார். சோற்றை நாலைந்து பருக்கையாக எடுத்தார். அவள் திரும்பி வரும்போது தட்டில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று, அந்தக் கூரையைப் பார்த்தபடியே மெதுவாக மென்றுகொண்டிருந்தார்.