டாக்டரின் வெள்ளைக் கயிறு

பாறை ஏறுகிறவர்கள் அவனை முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. கயிறு, கொக்கி, ஹெல்மெட், இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், முதுகுப்பை, கூடாரம் என்று எல்லாம் அங்கே வரும். கிழிசல் தைக்கப்படும், ஜிப் மாறும், தேறாதது குப்பைக்குப் போகும். அவன் விரல் படாத கயிற்றை நம்பி அங்கே ஒருவரும் பாறையில் கால் வைக்க மாட்டார்கள்.

கயிறு பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலுக்குள் விட்டு இழுப்பான், சாணுக்குச் சாண் வளைத்துப் பார்ப்பான். நல்ல கயிறு வளைத்தால் வளையமாக நிற்கும். மேலுறைக்குள் இருக்கிற நூல் கெட்டுப்போன இடத்தில் மட்டும் சப்பென்று மடங்கிவிடும். அப்படி ஓர் இடம் சிக்கினால் பேச்சே கிடையாது, கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே கத்தரிக்கோலைப் போட்டுவிடுவான். "சந்தேகம் வந்தா வெட்டு" என்பதுதான் பட்டறைச் சட்டம்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கொஞ்ச நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக வேண்டியதில்லை. காரணம் ஒரு பல் டாக்டர்.

முடிச்சின் கால்முட்டி உடைவதற்கு முன்னால் அவனும் அவன் மனைவியும்தான் சேர்ந்து ஏறுவார்கள். அவள் ஏற அவன் கீழே கயிறு பிடிப்பான், அப்புறம் இவன் ஏற அவள் பிடிப்பாள். முட்டி போனதும், "ஏற வேண்டாம், வந்து பிடிக்க மட்டும் செய்யுங்க" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "அண்ணாந்து பாத்துட்டு நிக்க நான் என்ன காக்கா ஓட்டவா வரணும்?" என்று இவன் வீராப்பு பேசினான். அவள் பார்த்தாள், ஏறத் துணைக்கு டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். நியாயம்தானே? நியாயம் என்று அவனுக்கும் தெரியும். வயிறு நியாயமா பார்க்கிறது?

டாக்டர் இவனை அண்ணே என்பார். அந்தக் கணக்கில் அவளை அண்ணி என்றல்லவா கூப்பிட வேண்டும்? கிடையாது. "பார்ட்னர், போலாமா?" என்பார் வாசலில் நின்று. பார்ட்னராம். போதாக்குறைக்கு மாமியார் வேறு டாக்டர் கட்சி. மாமியாரின் கட்டுப்பல் டாக்டர் செய்தது. முன்பெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்த அம்மாள் இப்போது ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே டாக்டரின் கைவேலை பளிச்சென்று தெரியும், முடிச்சுக்குச் சோறு இறங்காது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஜெர்கின். ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் திரும்பி வந்து கறுப்பு ஜெர்கினை நடையில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். குளியலறைக் கதவு சாத்தியதும் இவன் போய் அதில் முகத்தைப் புதைப்பான். வேர்வை வாசனை வரும், மண் வாசனை வரும், அதற்கடியில் லேசாக இன்னொன்று. கிளினிக் வாசனை. டாக்டர் வாசனை. அதற்கப்புறம் அன்றைக்குத் தூக்கம் ஏது.

கேட்க வாய் வரவில்லை. கோபமெல்லாம் டாக்டரின் சாமான்கள் மேல் திரும்பியது. ஹெல்மெட் வார் சரியில்லை என்றான். ஷூ பாதத்துக்குப் பொருந்தவில்லை என்றான். ஒரு கொக்கியின் வாய் சிக்குகிறது, தூக்கிப் போடச் சொல்லு என்றான். அவள் அந்தக் கொக்கியை அடுக்களைக்கு எடுத்துப்போய், வெந்நீரில் சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தாள். கொண்டுவந்து அவன் காதருகே டிக் டிக்கென்று திறந்து மூடிக் காட்டினாள்.

"தூசிங்க. வெறும் தூசி. இதுக்கா தூக்கிப் போடச் சொன்னீங்க?"

தூசி என்று பார்த்தவுடனே அவனுக்குத் தெரியும். மென்று விழுங்கினான்.

மறுநாள் அவர்கள் பெரிய பாறைக்குப் போவதாக இருந்த ஒரு சனிக்கிழமை, டாக்டர் கயிற்றுப் பையோடு வந்து நின்றார். இந்தப் பருவத்தில் வாங்கிய வெள்ளைக் கயிறு. புது மாதிரி, நீளமும் அதிகம், மினுக்கும் அதிகம். "அண்ணே கை பட்டாத்தான் நிம்மதி" என்றார், எல்லாப் பல்லும் தெரிய. மாமியார் டாக்டருக்கு டீ கொண்டுவந்தார். மருமகனுக்கு அப்புறம்.

முடிச்சு கண்ணை மூடிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தான். ஏதாவது கிடைக்கட்டும், ஏதாவது கிடைக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பாதி தாண்டியதும் கிடைத்தது. ஓரிடத்தில் கயிறு சப்பென்று மடங்கியது. உச்சி குளிர்ந்துபோய்க் கண்ணைத் திறந்தான். மறுபடி வளைத்தான், வளையமாக நின்றது. இன்னொரு தரம் வளைத்தான், மடங்கியது. சொல்வது விரலா வயிறா என்று முதன்முறையாக அவனுக்கே தெரியவில்லை. குளிர்ந்த உச்சி வேர்க்கத் தொடங்கியது.

"இந்தக் கயிறு வேண்டாம்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுவுமா?"

"உள்நூல் போயிருக்கு. இங்க தொட்டுப் பாரு."

அவள் வளைத்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு."

"உன் விரலுக்குத் தெரியாது."

"ஆமா. வாங்கின பில்லு மங்கல, அதுக்குள்ள உள்நூல் போயிடுச்சு." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "விடுங்க டாக்டர். கயிறு கெட்டுப்போகல. உங்க மூஞ்சிதான் அவருக்குப் பிடிக்கல."

டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் குடித்தார். முடிச்சு கத்தரிக்கோலை எடுத்தான். பட்டறைச் சட்டம்.

"வெட்டுங்க பாப்போம்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அடுத்தவங்க கயித்த வெட்டிட்டீங்கன்னா அப்புறம் என் கயித்த நீங்க தொடவே வேண்டாம்."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. இது நிஜம், இந்தத் தடவை நிஜம் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் யார் நம்புவார்கள்? கொக்கி விஷயத்தில் அவன் நம்பிக்கையை அவனே குப்பையில் போட்டிருந்தான். நாளைக்கு இவள் இதில்தான் தொங்கப் போகிறாள். அந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையில் என்ன தெரியும்? ஆனால் ஒரு வாசனை மூக்கில் ஏறியது.

கயிற்றை மோந்து பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. இந்த வாசனையை மட்டும் எங்கே கலந்தாலும் பிரித்துச் சொல்வான். ஜெர்கின் வாசனை. கூடவே அந்த ஜெர்கின் கையில் நிறம் வெளுத்த ஒரு திட்டு இருந்தது ஞாபகம் வந்தது. பார்த்திருந்தான்; முகம் புதைக்கிற மும்முரத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. டாக்டரின் கார் டிக்கியில்தான் கயிறும் ஜெர்கினும் போகும், வரும். அங்கே ஏதோ கொட்டியிருக்கிறது.

"டிக்கியில என்ன வெப்பீங்க?" என்று கேட்டுப் பார்த்தான்.

"கயிறு, பை... எப்பவாவது கிளினிக் சாமான். எல்லாம் மூடி போட்டதுதான் அண்ணே."

"கயிறு முடிஞ்சு இப்போ டிக்கிக்கு வந்தாச்சா?" என்றாள் அவள். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான். அதைச் சொன்னால் மானம் கப்பலேறும், அதுவும் மாமியார் முன்னால், அந்த டாக்டர் முன்னால். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள்.

"உன் ஜெர்கின்லயும் இதே வாசனைதான் வருது" என்றான்.

"என் ஜெர்கின் வாசனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மோந்து பாப்பேன்."

"என்னது?"

"நீ குளிக்கப் போனதும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

"எதுக்கு?"

அவன் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவரு வாசனை வருதான்னு."

மாமியார் திறந்த வாயை மூடவில்லை. டாக்டர் காது மடல்வரை சிவந்து, தன் செருப்பை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். அவள் எழுந்து நடைக்குப் போனாள், ஜெர்கினை எடுத்துவந்தாள். முதலில் அதை மோந்தாள், பிறகு கயிற்றை. ஜெர்கின் கையில் இருந்த வெளுத்த திட்டை நகத்தால் சுரண்டினாள், துணி பொடியாக வந்தது.

"டாக்டர், போய் டிக்கியப் பாருங்க" என்றாள்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு திரும்பினார். பல்லின் வேரைக் கழுவுகிற மருந்துத் தண்ணீராம், பிளீச்சிங் பவுடர் வகையறா. மூடி விரிசல் விட்டிருந்தது, குப்பி பாதிதான் இருந்தது. டிக்கியின் விரிப்புக்கு அடியில் ஈரம் என்று சொல்லும்போது அவர் குரலே எழும்பவில்லை.

"வெட்டுங்க" என்றாள்.

வெட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்நூல் பழுத்துக் கிடந்தது. அவள் ஒரு கற்றையைப் பிரித்து இரண்டு விரலால் இழுத்தாள், பழைய சாக்கு நூல் மாதிரி கையோடு வந்தது. அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அதே டிக்கியில் போய்வந்த அவளுடைய ஹார்னஸையும் அவன் சொல்லாமலே எடுத்து வெட்டிப் போட்டான், யாரும் தடுக்கவில்லை.

"நல்லவேளை, மாப்பிள்ளைக்கு மூக்கு இருந்துச்சு" என்றார் மாமியார்.

அப்போதுதான் அவன் பீரோவைத் திறந்தான். அடியில் ஒரு துணிப்பையில் பச்சைக் கயிறு ஒன்று இருந்தது. முட்டி உடைவதற்குச் சற்று முன்னால், அந்தக் காலத்தில் எல்லோரும் வாங்கிய அளவில் வாங்கியது. ஒருமுறைகூடப் பாறை பார்க்காதது. அவள் எத்தனையோ தடவை கேட்டும் கொடுத்ததில்லை. நான் திரும்ப ஏறும்போது எடுத்துக்கலாம் என்பான். நுனி முதல் நுனிவரை பார்த்தான், ஒரு குறையும் இல்லை. பட்டறையில் இருந்த புது ஹார்னஸ் ஒன்றையும் சேர்த்து அவள் மடியில் வைத்தான்.

"இது நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"எடுத்துட்டுப் போ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் கயிற்றின் ஒரு நுனி அவள் இடுப்பில், மறு நுனி அந்த ஆள் கையில். ஊசியில் நூல் கோக்கப் போனவன் விரலில் குத்திக்கொண்டான்.

சாயங்காலம் அவள் வந்தாள். ஜெர்கினைக் கழற்றினாள், ஆணியில் மாட்டாமல் அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. மோந்து பாத்துட்டு மாட்டுங்க."

மாமியார் சிரித்தார், டாக்டரின் கைவேலை அத்தனையும் தெரிய. அவன் மோந்து பார்க்காமலே மாட்டினான். பார்க்க ஆசைதான்.

கயிற்றைப் பையிலிருந்து கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலுக்குள் இழுத்தான். எங்கேயும் மடங்கவில்லை. கடைசி நுனியில் ஒரு முடிச்சு தட்டியது. ஏறினவரை உச்சிக் கொக்கி வழியாக இறக்க உயரத்தைப்போல இரு மடங்கு கயிறு வேண்டும்; அப்போது கயிறு தீர்ந்து நுனி பிடித்தவர் கையைவிட்டு ஓடிப்போகாமல் இருக்கப் போடுகிற முடிச்சு. டாக்டர் போட்டது. சரியாகப் போடத் தெரிந்திருக்காது, ஏனோதானோவென்று சுற்றியிருப்பார் என்று ஆவலோடு பார்த்தான். இழுத்தான். நகரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எரிச்சலாக வந்தது.

பின்னால் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்க கயிறு பத்தலங்க. டாக்டரோட கயிறு நீளம்னு அந்த உசரத்துக்குப் போக முடிவு பண்ணோம், மாத்தினப்போ யாருக்கும் அது ஞாபகமே வரல. பாதி எறங்கினதும் கயிறு தீந்துபோச்சு. அந்த முடிச்சு டாக்டர் கையில வந்து மாட்டுச்சு. நான் பக்கத்துத் திட்டுல கால் வெச்சு, பாறையப் பிடிச்சு மெதுவா எறங்கினேன்."

அவன் திரும்பவில்லை. நீளம். ஊருக்கெல்லாம் கயிறு பார்க்கிறவன், தன் கயிற்றை எடுத்து மடியில் வைத்த நெகிழ்ச்சியில், அது எத்தனை குட்டை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறொருவன் முடிச்சில் இவள் உயிரோடு வந்து நிற்கிறாள். அந்த முடிச்சு தளர்ந்திருக்கக் கூடாதா என்றல்லவா இப்போதுதான் இழுத்துப் பார்த்தான். அதே முடிச்சை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன்" என்றான். "கயிறு நான் பிடிக்கிறேன்."

"முட்டி?"

"பிடிக்கிறதுக்கு முட்டி எதுக்கு, கை இருக்குல்ல."

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "அப்போ டாக்டர்?"

"அவரும் வரட்டும்" என்றான். பிறகு, ஒவ்வொரு சொல்லையும் பல் பிடுங்குவதுபோல இழுத்து, "முடிச்சு அவரே போடட்டும்" என்றான்.

சொல்லிவிட்டான். வயிறு எரியத்தான் செய்தது.