படுக்கவிடாத குட்டி

அஜ்மானிலிருந்து உள்ளே தள்ளி, மலைப்பக்கமாக இருந்தது அந்தப் பண்ணை. 'அர்பாப்' என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி அரபி தென்னமெரிக்காவிலிருந்து அல்பாக்காக்களை வரவழைத்து வளர்த்துவந்தார். ஆட்டுக்குக் கழுத்து நீண்டு, உடம்பில் பஞ்சை அப்பியது போலிருக்கும் சாதுவான பிராணிகள். அங்கேயே பிறந்து, வளர்ந்த பின்னும் குட்டி என்றே சொல்லப்பட்ட ஓர் ஆண் மட்டும் சாது இல்லை. நிற்பவனை அது சட்டை செய்யாது. பட்டிக்குள் யாராவது உட்கார்ந்துவிட்டால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்ந்து வரும். துப்பும், நெஞ்சால் முட்டும், முன்னங்காலால் மிதிக்கும்.

2006 கோடையில் பாலகுருவை அதற்காகவே கட்டட சைட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். ஊரில் கிடை போட்டு ஆடு மேய்த்தவன்.

"பெருநாளைக்குள்ள இத வழிக்குக் கொண்டு வந்துரு தம்பி. இல்லேன்னா அர்பாப் வச்சிருக்க மாட்டாரு, கலாஸ், அதோட கதை முடிஞ்சுது," என்றார் சூப்பர்வைசர் முகம்மது சித்தீக். கீழக்கரைக்காரர்.

பாலகுரு முதலில் கம்பைத்தான் எடுத்தான். கம்பைக் கண்டதும் குட்டி இன்னும் மூர்க்கமானது. அடிப்பதை விட்டு, தள்ளி நின்று பார்க்கத் தொடங்கினான். அப்போதுதான் அந்தச் சத்தம் அவன் காதில் சரியாக விழுந்தது. மேற்குச் சுவர் ஓரம் தனியாக நின்று குட்டி முனகிக்கொண்டிருந்தது. கதை கேட்கிறவன் 'உம்' கொட்டுவது போல, கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஓர் 'உம்'. அங்கே பேசுவதற்கு ஆளே இல்லை.

"இங்க எனக்கு முன்னாடி யாரு இருந்தா?" என்று சித்தீக்கிடம் கேட்டான்.

"மாயாண்டின்னு ஒருத்தன். பரமக்குடிப் பக்கம். தாய் செத்துப்போச்சுன்னு புட்டிப்பால் குடுத்து இத வளத்தவன். நாள் முழுக்க அதுகிட்டதான் பேசுவான்."

"இப்ப எங்க?"

"போன வருசம் இதே வெயில்ல, அந்தச் சுவரோரம் படுத்தவன் எந்திரிக்கல. நான் டவுனுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பாத்தா, இது அவன் மேல நிக்குது. சட்டை கிழிஞ்சிருந்துச்சு. நெஞ்செல்லாம் கால் தடம். டாக்டரு வெயிலுதான் காரணம்னாரு. ஆனா இதுதான் மிதிச்சுக் கொன்னுச்சுன்னு பசங்க இன்னமும் சொல்றாங்க."

குட்டி மிதித்தது உண்மைதான். எதற்கு மிதித்தது என்பது பாலகுருவுக்கு இப்போதுதான் புரிந்தது. பகல் முழுக்க அது மாயாண்டியை எழுப்பிப் பார்த்திருக்கிறது.

மறுநாள் வேலிக்கு வெளியே நின்று, குட்டி பார்க்கும்படி லேசாகக் குனிந்தான். காது மடிவதற்கு முன் நிமிர்ந்துவிட்டான். அது அமைதியாக நின்றால் ஒரு கை தீவனம். தனியாக இருந்ததைப் பெரிய அல்பாக்காக்கள் இரண்டோடு சேர்த்துவிட்டான். தடவிக் கொடுப்பதில்லை, கொஞ்சுவதில்லை. குனிவது குந்துவதாயிற்று, குந்துவது உட்காருவதாயிற்று. எழும்போதெல்லாம், "இந்தா, எந்திரிச்சுட்டேன்ல" என்பான். உட்கார்ந்தவன் எழுந்துவிடுவான் என்பதைக் குட்டி மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியது.

படுப்பதுதான் மிச்சம். அதை அந்தச் சுவரோரம்தான் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் அங்கே போய்ப் படுத்தான்; மணல் முதுகைச் சுட்டது. கண்ணை மூடினான். காலடிச் சத்தம் கிட்டே வந்தது. குட்டி மூக்கருகே மூக்கை வைத்து மூச்சை முகர்ந்தது. நெஞ்சின்மேல் ஒரு கால் ஊன்றியது. செத்தவனின் இடத்தில் கிடக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. பாடுபட்டு எழுந்துகொண்டே சொன்னான்: "எந்திரிச்சுட்டேன்."

தினமும் அப்படிப் படுத்தான். தினமும் அது வந்து எழுப்பியது. நாளாக ஆக, கால் வைப்பது நின்று முகர்வது மட்டும் ஆயிற்று.

பெருநாள் நெருங்கிய ஒரு நாள், அவன் படுத்ததைக் குட்டி தலை தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு, மற்ற இரண்டோடு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது.

பாலகுரு காத்துக் கிடந்தான். எழுப்ப யாரும் வரவில்லை. இத்தனை நாள் எதற்காகப் பாடுபட்டானோ அது நடந்துவிட்டது. ஆனாலும் அவனால் கையைக்கூட அசைக்க முடியவில்லை. இப்போது தான் இங்கேயே போய்ச்சேர்ந்தாலும் அந்தப் பிராணி தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று தோன்றியது. கடைசியில் தன்னைத்தானே உதறிக்கொண்டு எழுந்தான். சுவரோரம் சத்தமே இல்லை. அந்த 'உம்' அதற்குப் பிறகு அங்கே கேட்கவில்லை.

சித்தீக் தோளில் தட்டிப் பாராட்டினார். பெருநாளுக்குப் பிறகும் அர்பாப் குட்டியை வைத்துக்கொண்டார்.

பாலகுருவுக்குத்தான் பகல் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமில் எல்லாரும் அசந்து கிடப்பார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மூச்சைப் பார்ப்பான். பம்புசெட் பார்க்கும் கலீலுர் ரஹ்மான் ஒருநாள் விழித்துக்கொண்டு எரிந்து விழுந்தார்.

"என்னடா, மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிற? பைத்தியமா?"

"ஒண்ணுமில்லண்ணே. மூச்சு வருதான்னு பாத்தேன்."

கலீல் அவனை வெறித்துப் பார்த்தார். அவர் படுத்திருந்தது மாயாண்டியின் பழைய கட்டில். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வெயில் குறையவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்த கலீல், கதவருகே நின்ற பாலகுருவைப் பார்த்தார்.

"நீ இங்கதான இருப்ப?"

"இங்கதாண்ணே இருக்கேன்."

"அப்பச் சரி," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.