பார்க்காத புண்

ஆவுடைநாயகம் பிள்ளைக்கு அருவருப்பு அதிகம். எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு முடி கிடந்தால் அந்த வாரம் முழுக்க எண்ணெய்க் குளியலே கிடையாது. அவர் வேதாந்தத்தில் போய் விழுந்தது அறிவால் அல்ல, மூக்கால்.

முப்பத்தாறாம் வருஷம் குற்றாலச் சாரல் சமயத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு சாமியார் குடிசை போட்டிருந்தார். "சித்தம் அசையுது, உலகம் உண்டாகுது. நீரு பாக்கீரு, அதனால மலை இருக்கு" என்றார். பிள்ளைக்குத் தேனாக இருந்தது. தென்காசியில் அவர் மனைவி கோமதியம்மாள் நீரிழிவுக்காரி. காலில் உடைமுள் குத்திப் புண்ணாகியிருந்தது. குழந்தைகள் இல்லாத வீடு. தினம் கட்டு மாற்றுவது பிள்ளை தலையில் விழுந்திருந்தது. அதைச் சாமியாரிடம் சொன்னார்.

"எட்டு நாள் அதை ஒருத்தரும் பாக்கப்படாது. சித்தம் விட்டுட்டா புண்ணு எங்கன நிக்கும்?" என்றார் சாமியார்.

பிள்ளை வீடு வந்து, சாமியார் சொன்னதைச் சொல்லி, பழைய வேட்டியைக் கிழித்துப் புண்ணை இறுகக் கட்டினார்.

"அப்ப வலிக்கே, அது யாரு நினைப்பு?" என்றாள் கோமதியம்மாள்.

"உன் நினைப்புதான். சும்மா கெட."

ஐந்தாம் நாள் வீடு நாறியது. சாம்பிராணி போட்டார். ஆறாம் நாள் ஈ வந்தது. அதுவும் சித்தத்தின் படைப்புதான் என்று பொறுத்தார். அது அவர் காப்பித் தம்ளரில் இறங்கியபோதுதான் படைப்பின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

ஏழாம் நாள் ஐந்தருவிக்குப் போனார். சாமியார் மூக்கைச் சிந்திக் காவித்துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துணி அங்கங்கே விறைத்திருந்தது.

"வாரும். சளி ஆளைக் கொல்லுது. சுக்கு இருந்தாக் கொடும்."

"சாமி, அங்க புண்ணு நாறுது. இங்க சளியை நினைக்காம இருந்துபாத்தா?"

"நக்கலாவே? அங்க நாறுதுன்னா உம்ம சித்தம் அழுகிக் கெடக்கு. அந்தப் புண்ணு உம்ம படைப்புவே!"

ஜட்கா வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் குமட்டியது. மலையும் அருவியும் யார் யாரோ படைத்துவிட்டார்கள். தனக்கு வாய்த்தது சீழ்! சரி, படைத்தவன் கழுவாமல் வேறு எவன் வந்து கழுவுவான்?

வெந்நீர் வைத்தார். கட்டு சதையோடு ஒட்டிக்கொண்டு, உரிக்க உரிக்க நூல்விட்டு வந்தது. உள்ளே, வெந்த சோற்றுப் பருக்கைகள் நெளிந்தன. பிள்ளை புறவாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தார். வாயைக் கழுவிவிட்டு வந்தார். மறுபடி ஓடினார். மறுபடி வந்தார்.

கோமதியம்மாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பாக்காதீங்க. பாத்தா உண்டாயிரும்லா?"

"உண்டாயிட்டு, கோமதி. இப்படி வலிச்சிருக்கே, வாயத் தொறந்து சொல்லப்படாதா?"

"நீங்க நாலு நாளாவது மூக்கைச் சுளிக்காமச் சாப்பிட்டீங்க. அதான்."

பிள்ளை புண்ணைக் கழுவி முடித்தார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு, மனைவியைத் தானே தூக்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர், பிள்ளையின் பரம்பரையையே வைதுகொண்டு இரண்டு கால்விரலை எடுத்தார். பாதம் தப்பியது.

அதற்குப் பிறகு கட்டு மாற்றும் வேலையைப் பிள்ளை ஒருநாளும் விடவில்லை. நாற்றம் அப்படியேதான் இருந்தது. மூக்கைப் பொத்தத்தான் வழியில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது.