மறுநாள் குளியல்

கொழுந்தனின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. அதனால் கொழுந்தனுடைய அண்ணி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் சரிபார்க்கும் வேலை. நாளெல்லாம் விளக்கடியில் சட்டைகளைப் புரட்டிப் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அதையே பார்த்த கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. இந்த வீட்டிலும் எங்கேயோ தையல் விட்டிருக்கிறது என்று வந்த மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விட்டிருந்த இடம் கொழுந்தன்தான். சாயங்காலம் வண்டி ரிப்பேர் கடையிலிருந்து வருவான். பின்பக்கக் குழாயடியில் அரை மணி நேரம் கை கழுவுவான். பிறகு அறை வாசலில் நின்று, "தூங்குதா?" என்று கேட்பான். குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாலும் அதே கேள்விதான். பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுவான். இந்தப் பன்னிரண்டு நாளில் பெற்ற பெண்ணை அவன் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவன் மனைவி உடைந்துவிட்டாள். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை.

"பொண்ணு பொறந்தது அவருக்குப் பிடிக்கல அக்கா. இல்லன்னா பெத்த அப்பன் இப்படியா எட்டி நிப்பான்?"

நாளைக் காலையில் அவளுடைய அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருகிறானாம். அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது திரும்பி வருவாய் என்று அண்ணி கேட்டாள். அவள் மடித்த துண்டையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மடிப்பைப் பார்த்ததும் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. இப்போது போகிறவள் லேசில் திரும்ப மாட்டாள்.

அண்ணிக்குச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன் கொழுந்தன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "அந்த ஆயா கதைய மட்டும் இவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி." ஆண்பிள்ளைக்குக் கூச்சம், இருக்கட்டும் என்று அவளும் சரி சொல்லிவிட்டாள். அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இந்த நான்கு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது மாடியில் இரண்டு அறை அவர்கள் வீடு. தண்ணீர்க் குழாய் கீழே. நடுவில் இருபத்திரண்டு படி. அண்ணிக்கு அம்மா இல்லை, மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும். அண்ணிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்துக் கொழுந்தன் வைத்த பெயர் எலி. இன்றைக்கு அவள் சித்தப்பனைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஆனாலும் வீட்டுக்கு அவள் எலிதான்.

கொழுந்தனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அண்ணிக்குப் பிரசவம் என்றால் எந்த முதலாளி லீவு கொடுப்பான்? எனக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு போடு போட்டான். காமாலை என்றால் ஒரு மாதத்துக்கு ஒரு பயலும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அவன் போட்ட கணக்கு. கடையில் கூட வேலை செய்த பாசக்காரப் பயல்களோ ஐந்தாம் நாளே பழப்பையோடு படியேறி வந்துவிட்டார்கள். அவசரமாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினான். நன்றாகத்தான் முனகினான். பாழாய்ப்போன நேரம், உள்ளே எலி கத்தினாள். அவ்வளவுதான், நோயாளி துள்ளி எழுந்து, தோளில் ஈரத்துணியோடு உள்ளே ஓடிவிட்டான். வந்த நான்கு பேரும் பழப்பையும் கையுமாக நின்றார்கள். அன்றிலிருந்து கடையில் அவனுக்கு ஆயா என்று பெயர். முதலாளி மட்டும் நல்ல மனுஷன், காமாலை குணமானதும் வா என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களை நினைத்தால் அண்ணிக்கு இப்போதும் நெஞ்சு இளகிவிடும். பெற்ற தாய் இருந்தால்கூட அப்படிப் பார்த்திருப்பாளா, சந்தேகம்தான். சமையல் மட்டும் சுட்டுப் போட்டாலும் அவனுக்கு வராது. ஒரு நாள் உருளைக்கிழங்கை வேகவைப்பான், மறுநாள் வறுப்பான், அதற்கு அடுத்த நாள் மசிப்பான். மூன்றும் ஒரே ருசிதான். மதியம் சாப்பிட்டதும் அவளைத் தூங்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். தாலாட்டு ஒன்றும் தெரியாது. கிளட்ச், பிஸ்டன், கார்புரேட்டர் என்று வண்டியின் உறுப்புகளை ராகம் போட்டுப் பாடுவான். சிரித்தால் தையல் வலிக்கிறது, பாடாதே என்று அண்ணி கெஞ்சுவாள். வலித்தாலும் பரவாயில்லை என்றுதான் இருக்கும். அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஒன்று நடந்தது. அடுப்படியில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து எலியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கலாம் என்று அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். கதவருகே வந்தபோது சோப்புக் கையிலிருந்து பிள்ளை வழுக்கிவிட்டது. முகம் கவிழ்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் அள்ளி எடுத்துவிட்டான். இருமியது, பிறகு வீல் என்று கத்தியது. ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு நடுங்கினான். அண்ணி சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டவன், "குளிச்சாச்சு அண்ணி" என்றான். அவள் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

மறுநாள், கை வலிக்கிறது, நீங்களே குளிப்பாட்டுங்கள் என்று வந்து நின்றான். எனக்குக் குனிய வராது, நீயே செய் என்று எலியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சம் குனியலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். அன்றிலிருந்து தொட்டிக்குள் அவன் ஒரு துண்டை விரித்துக்கொண்டான், சோப்பைக் கையில் குழைக்காமல் துணியில் தொட்டுத் தேய்த்தான். அண்ணி எதையும் கவனிக்காதவள் மாதிரி இருந்துவிட்டாள்.

இவ்வளவு செய்தவனுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? அது மேடையில் மாலை போடும்போது சொல்கிற வார்த்தை. சொன்னால் மூன்றாம் மனுஷி மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள். அவன் தவறைப் பற்றி வாய் திறக்காததுதான் தான் காட்டிய நன்றி என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் குழாயடிச் சத்தம் கேட்டதும் பின்பக்கம் போனாள். அவன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் எப்போதோ போய்விட்டது. தோல்தான் சிவந்திருந்தது.

"அவ நாளைக்குப் போறா. தெரியுமில்ல?"

"போகட்டும் அண்ணி. அங்க அவங்க அம்மா இருக்காங்க. என் கையவிட அந்தக் கை நல்லது."

சொல்லிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தான். இத்தனை வருஷமாகக் கூச்சம் என்று தான் நினைத்தது கூச்சமே இல்லை என்று அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் மறைக்கச் சொன்னது ஆயா என்ற பெயரை இல்லை, பிள்ளை வளர்த்தவன் என்று நம்பி இந்தக் கையில் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தை. தன் வாயை மூடி வைத்து அவனைத் தனியாகப் புழுங்க விட்டிருக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"உங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன்" என்று அவனே ஆரம்பித்தான். "எலிய ஒரு நாள்..."

"தண்ணியில விட்டுட்ட. நான் கதவுகிட்டதான் நின்னேன்."

அவன் குழாயை மூடினான்.

"பாத்துட்டுமா மறுநாள் என் கையில குடுத்தீங்க?"

"மொதல்ல எனக்கும் கோவம்தான். ஓடி வந்து புடுங்கிக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் நீ நடுங்கினத பாத்தேன். அப்படி நடுங்கின கை இன்னொரு தடவ விடாதுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு நாளும் நான் எட்டிப் பாக்கல. நிம்மதியா தூங்கினேன்."

அவன் சோப்பைக் கீழே வைத்தான்.

"அந்த நாள்ல நீ இல்லன்னா எனக்கு யாரு இருந்தா? இத அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். நீ பண்ணது ஒரு நிமிஷத் தப்பு. நான் பதினஞ்சு வருஷமா சொல்லாம இருந்திருக்கேன்."

ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அண்ணியும் பின்னாலேயே போனாள். அறை வாசலில் நின்றவன், தூங்குதா என்று கேட்கவில்லை. எலி பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, காமாலை, பழப்பை, தொட்டி, தண்ணீர் என்று ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னான். தண்ணீர் என்றதும் அவள் கை குழந்தையை இறுக்கிக்கொண்டது. பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு அப்புறம் சொல்லித் தொலைத்திருக்கலாமே, மடையன் என்று அண்ணி மனசுக்குள் திட்டினாள்.

அவன் மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"அதுக்கப்புறம் எத்தன நாள் குளிப்பாட்டினீங்க?"

"மூணு மாசம்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். குழந்தையை இரண்டு கையாலும் எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"கழுத்துக்கு அடியில கை குடுங்க."

"தெரியும்" என்றான். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் இடது கை அங்கே போயிருந்தது. விரல்கள் லேசாக நடுங்கின, ஆனால் பிடி நடுங்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணியிடம் திரும்பினாள்.

"அக்கா, எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன்னு கேட்டா?"

"குளிப்பாட்ட ஆள் இருக்குன்னு சொல்லுங்க."