மலையைக் காட்டினால் முள் ஏறணும்

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள். கஸ்தூரிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நட்சத்திரங்கள் அனுப்பும் ரேடியோ அலைகளைக் கேட்க வரிசையாக ஆன்டெனாக்கள் நடப்போகிறார்கள். அத்தனைக்கும் வேண்டிய ரிசீவரை அவள் வடிவமைத்திருந்தாள். இன்றைய சோதனையில் தேறினால் அதையே வைப்பார்கள். தேறாவிட்டால் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும், அவள் உழைப்பு பரணுக்குப் போகும்.

வேங்கிக்காலில் அவள் வீட்டு மொட்டைமாடிக்கு, ஊரே சாமியாகக் கும்பிடும் மலை நேரெதிர். அதனால் சோதனை அங்கேயே. ரிசீவரின் வாய் ஒரு பித்தளைப் புனல். அதை மலைப்பக்கம் திருப்பினால் பாறையின் சூட்டுக்கு மீட்டர் முள் ஏறும். வானத்தைக் காட்டினால், அது மகா குளிர், முள் சரேலென்று விழும். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு நல்ல ரிசீவர். சாமியையே அளவுகோலாக வைத்துச் சோதனை செய்ய வேறெந்த ஊரில் முடியும், சொல்லுங்கள்!

மேலதிகாரி அர்ஜுனன் மீட்டர் முன் உட்கார்ந்தார். மலையைக் காட்டி ஸ்விட்சைப் போட்டாள். முள் ஏறியது. வானத்தைக் காட்டினாள். முள் அசையவே இல்லை.

"என்னம்மா, வானமும் கொதிக்குதா?"

கஸ்தூரி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். "நேத்து காலைல நல்லா விழுந்துச்சுங்க சார்!" ஒயரை ஆட்டினாள், திருகினாள்.

காபியோடு ஏறிவந்த அம்மா ரேணுகாம்பாள், "ஏன்டி பதறுற? நேத்து பூஜையில உன் மிஷினுக்கும் பொட்டு வச்சேன். கண்ணு படக்கூடாதுனு உள்ள எலுமிச்சம்பழம் கூட வச்சிருக்கேன்" என்றாள் பெருமையாக.

"உள்ளயா?"

கஸ்தூரி புனலுக்குள் கைவிட்டாள். அடிக்கழுத்தில் பழம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ரிசீவர் பாவம், மலையையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை, வெதுவெதுப்பான எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! பிடுங்கினாளோ இல்லையோ, முள் பொத்தென்று விழுந்தது.

அர்ஜுனன் மீட்டரையே உற்றுப் பார்த்தார். "வெளிநாட்டு சரக்கு வேணாம். அத்தனைக்கும் இதையே பண்ணிடு."

கஸ்தூரி போட்ட கூச்சலில் பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ரேணுகாம்பாள் மட்டும் முகம் செத்துப்போய் ஓரமாக நின்றாள். "கெடுக்கப் பாத்தேனே. இனிமே அதும்பக்கமே வரமாட்டேன்."

"வாம்மா இங்க." கஸ்தூரி அவள் கையை இழுத்துப் புனலுக்கு எதிரே பிடித்தாள். முள் துள்ளி ஏறியது.

"உன் கைச்சூடும்மா. அதுக்குத் தெரியுது."

ரேணுகாம்பாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முள் இறங்கியது. மெதுவாக மறுபடி நீட்டினாள். ஏறியது. "அடிப்பாவி, என்னையும் கண்டுக்குதே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். காபி ஆறிப்போனது.