கீச்செயினில் அப்பா

அண்ணி கண்ணில் பட்ட பிளாஸ்டிக் டப்பா எதுவும் தப்பாது. கடையில் வாங்கி வந்த சாப்பாட்டை நாம் முடிக்கும் முன்னாலேயே மூடியைக் கழுவ எடுத்துப் போய்விடுவாள். அதைத் துடைத்து, வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஒரு துளை போடுவாள். அண்ணன் அதில் மார்க்கரால் படம் வரைவான். ஓவனுக்குள் போனதும் மூடி நெளிந்து சுருங்கி, கட்டைவிரல் அகலத்துக்குக் கெட்டியாகிவிடும். வளையம் மாட்டினால் கீச்செயின். கல்யாணம், பிறந்தநாள் என்று வருகிறவர்களுக்கு நினைவாகக் கொடுக்க ஆட்கள் வாங்கிப் போவார்கள். எழுத வேண்டியதை எல்லாம் சுடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது.

அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, "இந்த மாசம் தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் சமையலறையில் நின்று விசும்பினான். நானும் அழுதேன். அண்ணியும் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தாள்.

"என்ன அண்ணி இது?"

"வர்றவங்களுக்கு மாமா நினைவா ஒண்ணு குடுக்க வேண்டாமா? துக்க வீட்டுல உக்காந்து மூடி வெட்டிட்டு இருக்க முடியுமா, நீயே சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் நாலு வார்த்தை கேட்பான் என்று திரும்பிப் பார்த்தால், அந்தத் துரையே மார்க்கரைத் திறந்துகொண்டிருந்தார். அப்பாவின் வளைந்த மூக்கு, ஒற்றைப் பக்கம் ஏறிய புருவம், எல்லாம் அச்சு அசல். அடியில் பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். தட்டுத் தட்டாக அப்பா வெந்து வந்தார்.

மாசம் போனது, அப்பா போகவில்லை.

அதற்குக் காரணமே அண்ணன்தான், அதுதான் கொடுமை. அவன் ஊட்டினால் மட்டுமே அவருக்குச் சோறு இறங்கும். நானோ அண்ணியோ ஊட்டினால் துப்பிவிடுவார். "இவனுக்காகத்தான்மா முழுங்கறேன். நான் போயிட்டா பையன் உடைஞ்சு போயிடுவான்" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். கன்னத்தில் சதை வைத்தது. எழுந்து உட்கார ஆரம்பித்தார்.

வருஷக் கடைசி நெருங்க நெருங்க அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கீச்செயினில் வருஷத்தை மட்டும் சுரண்டிப் பார்த்தாள். அப்பாவின் தாடையும் சேர்ந்து போய்விட்டது.

"அத்தனையும் வீணாப் போகப் போகுது" என்று புலம்பினாள். அண்ணன் காதில் விழாத மாதிரி பல் குத்திக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, தானாகவே நடந்து கூடத்துக்கு வந்துவிட்டார். மேஜைமேல் தட்டு திறந்து கிடந்தது. அண்ணி துண்டைப் போட்டு மூடுவதற்குள் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"அட, நான்தானே!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் எழுந்து நடந்தா குடுக்கலாம்னு வச்சிருந்தீங்களா? கீழ என்னடா எழுதியிருக்கே?"

அவரே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படித்தார். இன்னொன்றை எடுத்துப் படித்தார். பிறகு தட்டு முழுக்க ஒருமுறை பார்த்தார்.

"வருஷம் முடிய இன்னும் எத்தனை நாள்டா இருக்கு?" என்று அண்ணனைக் கேட்டார்.

எனக்கு விரல்விட்டு எண்ணினால்தான் தெரியும். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"பதினொண்ணுப்பா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்பா கோபப்படவில்லை. கீச்செயினை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"சரிடா. அதுக்குள்ள பார்க்கறேன்."

அன்றைக்கும் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். கெஞ்சினான், அழுதான். அப்பா வாயைத் திறக்கவில்லை.